இறக்கத்தில் எழும் கை

கிராகுவின் கார் நின்றால் நடுங்கும். நகர்ந்தால் அடங்கும். வேகம் எண்பதைத் தொட்டால் ஸ்டீயரிங் கையில் துள்ளும். வயதான ஜப்பான் கார், ஆட்டோமேட்டிக் கியர். கப்பலிலிருந்து இறங்கும்போதே பாதி ஆயுள் முடிந்த வண்டி நடுங்குவதில் அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நடுக்கத்துக்குக் காரணம் தன் மனைவி வமைதாதான் என்று மலையூரான ஒதாயாவின் சந்தையில் கண்டவரிடமெல்லாம் கிராகு சொல்லிக்கொண்டு திரிந்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

போன வருஷம்தான் வமைதா லைசென்ஸ் எடுத்தாள். நாற்பதைத் தாண்டி எடுத்ததால் அதைப் பர்ஸில் போடாமல் பைபிளுக்கு நடுவில் வைத்திருந்தாள். வாராவாரம் கராத்தினாவில் இருக்கும் ஹேச்சரிக்குப் போய், முட்டையை விட்டு வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சுகளைத் துளை போட்ட அட்டைப்பெட்டிகளில் வாங்கி, மேட்டு ஊர்ப் பெண்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னால் மட்டாட்டு வேனில்தான் கொண்டுவந்தாள். கண்டக்டர் பெட்டிகளைக் கூரையில் ஏற்றிக் கட்டுவான். அங்கே வெயில் காலமான ஜனவரியில் ஒரு நாள் வீடு வந்து பெட்டியைத் திறந்தபோது ஒரு குஞ்சும் கத்தவில்லை. அன்று அழுத அழுகையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தாள்.

இப்போது சாவி கிராகுவின் சட்டைப்பையில் ஏறிவிட்டது.

"ஓகோலா பாக்கட்டும். ஃபுண்டி வாயாலயே கேட்டுக்குவோம்" என்றான். ஃபுண்டி என்றால் மெக்கானிக். "நடுக்கம் உன்னாலதான்னு சொல்லிட்டா நீ பழையபடி மட்டாட்டுல போ. இந்த வண்டிய நான் மட்டும்தான் தொடுவேன்."

"என்னால இல்லன்னா?"

"இல்லன்னா பாக்கலாம்."

"பாக்கலாம் கீக்கலாம்லாம் வேணாம், முகாமி அப்பா. இல்லன்னா சாவி என்கிட்ட."

முகாமி அவர்களுடைய ஒரே மகள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் சண்டைக்கு நடுவர் கிடைக்காமல் இருவரும் ஃபுண்டி ஓகோலாவை நடுவராக்கிக்கொண்டார்கள். கிராகு தலையை ஆட்டி ஒப்புக்கொண்டான். தோற்போம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. ஞேரிக்கும் ஒதாயாவுக்கும் நடுவில் இருபது வருஷம் மட்டாட்டு ஓட்டியவன். ஓட்டுவதைப் பற்றி அவனிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது.

வமைதாவுக்கோ அந்த நம்பிக்கை இல்லை. காபித் தொழிற்சாலைப் பக்கம், மழை நாளில், தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்றில் முன்சக்கரத்தை விட்டிருந்தாள். தூக்கிப்போட்ட போட்டில் பின்சீட்டில் குஞ்சுகள் எல்லாம் ஒருசேரக் கத்தின. இறங்கிப் பார்த்தாள், வெளியே ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஒருவேளை அந்தப் பள்ளம்தானோ என்று அன்றிலிருந்து ராத்தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

சனிக்கிழமை காலை. ஹேச்சரியில் அவள் பெயருக்குப் பெட்டிகள் எடுத்து வைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

ஓகோலாவின் பட்டறை பெட்ரோல் பங்குக்குப் பின்னால், தகரக் கொட்டகை. அவன் ஏரிக்கரை ஊர்க்காரன். மலைக்கு வந்து முடி நரைத்த பிறகும் அங்கே குளிர்காலமான ஆகஸ்டில் இரண்டு ஸ்வெட்டர் போட்டுத்தான் வண்டிக்கடியில் படுப்பான். தன் கைத்திறமையைப் பற்றிப் பேசக் கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்தையும் விடமாட்டான். வந்ததும் பானெட்டைத் திறக்கச் சொன்னான் கிராகு.

"அவசரம் என்ன, முஸே? ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் உடனே வயித்தக் கிழிப்பானா? முதல்ல டீ வரட்டும்." மூத்தவர்களை அங்கே மரியாதையாக முஸே என்றுதான் கூப்பிடுவார்கள்.

டீ வந்தது. எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டி ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேள்வி கேட்டான். நிக்கும்போது நடுங்குதா, ஓடும்போதா? பிரேக்க மிதிச்சாலா, விட்டாலா? டிரைவ்ல கெடக்கும்போதா, நியூட்ரல்லயா? கிராகு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் "இவ எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சதுலேருந்து" என்று சேர்த்துக்கொண்டான். ஓகோலா அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு மூவரும் ஏறினார்கள். ஓகோலா ஓட்டினான். சமமான ரோட்டில் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் துள்ளியது. "இது சக்கர வியாதி" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வந்தான். ஜாக்கியைப் போட்டு முன்பக்க இடது சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். விளிம்புக்கு நேரே ஸ்குரூடிரைவரை அசையாமல் பிடித்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அது டிக்கென்று தட்டியது.

"ரிம் வளைஞ்சிருக்கு. உள்பக்கம். எங்கயோ நல்லா வாங்கியிருக்கு."

கிராகு மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு இருந்தது.

மறைக்கலாமா என்று வமைதா ஒரு கணம் நினைத்தாள். சந்தையில் ஏற்கெனவே பேர் கெட்டுப்போயிருந்தது. இனிப் பொய்யும் சேர வேண்டாம் என்று தோன்றியது.

"நான்தான். காபி ஃபேக்டரிகிட்ட. மழை அன்னைக்கு. பள்ளம்னு தெரியல, தண்ணி நின்னுச்சு."

"கேட்டியா ஃபுண்டி? கேட்டியா?" கிராகு தொடையைத் தட்டினான். "அவ வாயாலயே வந்துருச்சு. இத்தன நாளா ஊமக்கோட்டான் மாதிரி இருந்தா பாரு! என் மட்டாட்டுல இருபது வருஷத்துல ஒரு ரிம் வளைஞ்சதில்ல." சட்டைப்பைக்கு மேலே சாவியை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியாததால் அதை விழுங்கிக்கொண்டாள்.

ஓகோலா ஸ்டெப்னியை எடுத்து மாட்டினான். மறுபடி ஓட்டம். எண்பதில் ஸ்டீயரிங் பூனைபோல் படுத்துக் கிடந்தது. கிராகு இறங்கிப் போய் டீக்குச் சொல்லலாம் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான். சந்தை முக்கில் மாடுகள் குறுக்கே போக, ஓகோலா பிரேக்கை மிதித்து நின்றான். கார் நடுங்கியது. கண்ணாடி நடுங்கியது, கதவுத் தகரம் கிடுகிடுத்தது, கிராகுவின் தாடைகூட லேசாக ஆடியது.

"இது அது இல்ல" என்றான் ஓகோலா. "ரெண்டு வியாதி, முஸே. ஒண்ணு மேடத்தோடது. தீந்துபோச்சு. இன்னொண்ணு யாரோடதுன்னு பாக்கணும்."

"அதே பள்ளம்தான் அதையும் கெடுத்திருக்கும்."

"கெடுத்திருக்கலாம்."

பட்டறைக்கு வந்ததும் டீ டம்ளரை டாஷ்போர்டின் மேல் வைத்தான். பிரேக்கை மிதித்தபடி டிரைவில் போட்டான். டீ முழுக்கச் சுருக்கம் விழுந்தது. நியூட்ரலுக்குத் தள்ளினான், டீ அடங்கியது. மறுபடி டிரைவ், மறுபடி சுருக்கம். பிறகு கிராகுவை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்து, பானெட்டைத் திறந்து, வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றான்.

"பிரேக்க இறுக்கி மிதி. டிரைவ்ல போட்டு லேசா ஆக்ஸிலேட்டர் குடு."

எஞ்சின் தன் இடத்திலிருந்து ஒரு குதி குதித்தது. வமைதாவே பார்த்தாள். அவ்வளவு பெரிய இரும்பு அப்படி எழும்பும் என்று அவள் நினைத்ததில்லை.

ஓகோலா கீழே படுத்து டார்ச் அடித்தான். எழுந்து வந்தபோது அவன் முகத்தில் இருந்த கர்வத்தை மறைக்க அவன் எந்த முயற்சியும் செய்யவில்லை. "கியர்பாக்ஸத் தாங்கற ரப்பர் மவுண்டிங். நடுவுல ரெண்டாக் கிழிஞ்சு கெடக்கு. அதான் டிரைவ்ல போட்டா எஞ்சின் போய் வண்டில இடிக்குது."

"அது ஈஸ்டருக்குப் புதுசாப் போட்டது" என்றான் கிராகு.

"நான்தானே போட்டேன், தெரியாதா? வருஷக்கணக்குல உழைக்கற சாமான். ஈஸ்டருக்குப் போட்டது ஆகஸ்ட்ல கிழிஞ்சா எனக்குக் கெட்ட பேரு."

"பள்ளத்துல விட்டா கிழியாதா?"

"பள்ளம் மேலேயும் கீழேயும் அடிக்கும். இது முன்னும் பின்னும் இழுத்துக் கிழிஞ்சிருக்கு. ஓடற வண்டில யாரோ கியர மாத்திப் போடறீங்க. ஒவ்வொரு தடவ போடும்போதும் ஒரு உதை. உதை வாங்கி வாங்கிக் கிழிஞ்சிருக்கு."

"அவதான்" என்றான் கிராகு உடனே. "ரிவர்ஸ்லேருந்து வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே டிரைவுக்குத் தள்ளுவா. நான் பாத்திருக்கேன்."

"எப்பப் பாத்த?" என்றாள் வமைதா.

"பாத்திருக்கேன்."

"ஸ்கூல்ல அதத்தான் முதல்ல சொல்லிக் குடுத்தாங்க. நின்னு, மூச்சு விட்டு, அப்பறம் போடணும்னு. நீ சிரிச்சியே, 'மூச்சு விட்டுட்டுக் கியர் போடற டிரைவர இப்பத்தான் பாக்கறேன்'னு."

ஓகோலா கையைத் துடைத்தான். "சத்தம் போடாதீங்க. ரெண்டு பேரும் ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து கையப் பாக்கறேன். ஆத்துப் பாலம் வரைக்கும் இறங்கி, ஏறி வரணும்."

முதலில் வமைதா. கிராகு மனமில்லாமல் சாவியை நீட்டினான். அவள் உட்கார்ந்தாள், கண்ணாடியைத் திருத்தினாள், நின்று மூச்சு விட்டு டிரைவில் போட்டாள். ஒதாயாவை விட்டதும் ரோடு தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் ஆற்றை நோக்கிச் சரியும். அவள் பிரேக்கில் கால் வைத்து வைத்து இறங்கினாள். இடது கை மடியிலேயே கிடந்தது. கியர்க் கம்பை அவள் தொடவே இல்லை.

பின்சீட்டிலிருந்து கிராகு பொறுக்க மாட்டாமல் பேசினான். "பாரு, இறக்கத்துலயும் எஞ்சின் பெட்ரோல் குடிக்குது. என் மட்டாட்டா இருந்தா மேலயே ஃப்ரீல விட்டிருப்பேன். பாலம் வரைக்கும் தானா உருண்டு வரும்."

இந்த மலைப்பக்கத்தில் நியூட்ரலுக்கு ஃப்ரீ என்றுதான் பெயர். மட்டாட்டு டிரைவர்கள் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஃப்ரீக்குத் தள்ளிவிட்டு உருளுவார்கள். அடுத்த ஏற்றத்தின் காலில் கியரைப் போடுவார்கள். அப்படி மிச்சம் பிடித்த பெட்ரோலில்தான் கிராகு பெண்ணை ஹாஸ்டலில் சேர்த்தான் என்று அவனே பெருமையாகச் சொல்லுவான்.

"இந்த வண்டிலயும் அப்படித்தானா, முஸே?" ஓகோலா திரும்பாமலே கேட்டான்.

"என்ன மடையன்னு நெனச்சியா? ஆட்டோமேட்டிக்க ஃப்ரீல விடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும். சும்மாக் கேட்டேன்."

வமைதா போய்த் திரும்பினாள். நிற்கும்போது நடுங்கியதைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்து கிராகு உட்கார்ந்தான். சீட்டைப் பின்னால் தள்ளி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, தெருவில் இருவருக்குக் கையசைத்துக்கொண்டே கிளம்பினான். அவன் நன்றாகத்தான் ஓட்டினான். அது வமைதாவுக்கும் தெரியும்.

ஓகோலா அவன் கையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போலீஸ்காரர்களைப் பற்றி ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒளிந்து நிற்பானே, ஒரு குண்டன், அவன் பேரென்ன என்று கேட்டான். கிராகுவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அந்தக் குண்டனை ஒருமுறை ஏமாற்றியதை, வேனுக்குள் இருந்த பாதிரியாரை முன்சீட்டுக்கு மாற்றி உட்காரவைத்ததை, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். சொல்லிக்கொண்டே மேட்டின் உச்சியைத் தாண்டினான்.

பின்சீட்டிலிருந்து வமைதா பார்த்தாள். அவன் இடது கை கதையை விட்டுவிட்டுத் தானாக இறங்கியது. கியர்க் கம்பை ஒரு விரலால் முன்னே தட்டியது. எஞ்சின் சத்தம் தணிந்து, சக்கரங்களின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. கிராகு பாதிரியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் வேகமாக ஓடின. பாலம் கடந்தது, ஏற்றம் தொடங்கியது, கை கம்பைப் பின்னால் இழுத்தது.

தொம்.

தரைக்கடியிலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல இருந்தது. வமைதாவின் பாதத்தில் உறைத்தது.

"என்ன சத்தம்?" என்றான் கிராகு.

"முஸே, உன் கை எங்க இருக்கு?"

கிராகு குனிந்து பார்த்தான். கை கியர்க் கம்பின் மேல் இருந்தது. அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். கதை பாதியிலேயே நின்றுவிட்டது.

வமைதா இந்த நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தாள். வந்தபோது சந்தோஷம் வரவில்லை. அவன் பிடரி வேர்த்து, தோள் இறங்கிக் கிடந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் என்று தோன்றியதில் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ஓகோலா பழைய மவுண்டிங்கைக் கழற்றிப் புதுசை மாட்டும் வரை கிராகு பட்டறைக்குள் வரவில்லை. ரோட்டோரத்தில் நின்று, உச்சியைத் தாண்டி ஃப்ரீயில் உருண்டு போகும் மட்டாட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் ஓகோலா கிழிந்த ரப்பரை அவனிடம் கொடுத்தான். "நான் தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டேன், முஸே. நாளைக்கும் உன்கிட்டதான் டீ வாங்கிக் குடிக்கணும். ஆனா அதே கை ஓட்டுனா கிறிஸ்மஸுக்கு மறுபடி வருவே."

கிராகு டிரைவர் சீட்டில் ஏறினான். வமைதா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசி வைத்தபடி பார்த்தால் சாவி அவளுடையது. அவன் தரவில்லை. கேட்டு வாங்கினால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஹேச்சரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். "இனிமே அந்தக் கை எந்திரிக்காது. பாத்துக்க."

இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். உச்சி வரை கை அங்கேயே இருந்தது. உச்சியைத் தாண்டியதும், எதிரே ஒரு லாரி வர, ஒதுங்குவதற்காக ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். லாரி போயிற்று. வலது கை ஸ்டீயரிங்கிலேயே நின்றது. இடது கை போய்க் கம்பைத் தட்டியது. கார் ஃப்ரீயில் உருண்டது.

இந்தத் தடவை அவனே பார்த்துவிட்டான். டிரைவுக்கு இழுக்கவில்லை. பிரேக்கை மெதுவாக மிதித்து, பாலத்துக்கு முன்னால் ஓரம் கட்டி முழுக்க நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கமே இல்லை.

"இருபது வருஷம்" என்றான். "நான் வேணாம்னு சொல்றேன், அது கேக்கல."



கிராகு இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். "அந்தப் பக்கம் போ" என்றான். சந்தையில் அவ்வளவு சத்தமாகப் பேசியவன் இதை ஆற்றுச் சத்தத்தில் பாதி காதில் விழாதபடி சொன்னான்.

கராத்தினாவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பின்சீட்டு முழுக்கக் குஞ்சுகளின் கீச்சு. முதல் இறக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். வமைதா திடுக்கிட்டு முன்னால் பார்த்தாள், பிறகு பக்கத்தில் பார்த்தாள். கிராகுவின் இடது கை கியர்க் கம்பைத் தேடி எழுந்து கதவில் இடித்திருந்தது. விரல் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வண்டியை ஓரம் கட்டி, பின்னாலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடி, முகாமி அப்பா. சாஞ்சா நசுங்கிடும்."

அவன் பிடித்துக்கொண்டான். அடுத்த மேட்டின் உச்சியைத் தாண்டினார்கள். அவன் கைகள் அசையவில்லை. பாலத்தருகே வந்தபோது பெட்டியின் துளைகளைக் குனிந்து பார்த்தபடி, "வமைதா, இது நடுங்குதே" என்றான்.

"பயந்திருக்குங்க" என்றாள் அவள். "மெதுவாத்தான் போறேன்."